நியூயார்க்கில் நல்ல பாஸ்ட்ராமி சாண்ட்விச் சாப்பிட

நியூயார்க்கில் இறங்கியதும் போனில் 'டெலி' என்று தேடினால் தெருவுக்கு நாலு கடை வந்து விழும். அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் தேடும் கடை அல்ல. அந்த ஊரில் இப்போது டெலி என்றால் மூலைக்கடை. சிகரெட், லாட்டரிச் சீட்டு, பால், முட்டையும் சீஸும் வைத்த ரோல் எல்லாம் கிடைக்கும் இடம். காலை அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் அங்கே போய் பாஸ்ட்ராமி, அதாவது மசாலா அப்பிப் புகையில் சுட்ட மாட்டிறைச்சி, கேட்டால் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, மெஷினில் காகிதம்போலச் சீவி, சில்லென்று ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று திரும்பியவர்கள் ஏராளம்.

யூத டெலி வேறு ரகம். யூத மரபில் ஊறவைத்த இறைச்சியும் சாண்ட்விச்சும் விற்கும் சாப்பாட்டுக்கடை. 1930களில் நகரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. இன்று பெயர் சொல்லக்கூடியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுற்றுலாக்காரர்களின் பெரும் இலக்காக இருந்த கார்னகி டெலி 1937இல் திறந்து 2016 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டது. பழைய பயணக் குறிப்பை நம்பி ஏழாம் அவென்யூவில் அலைய வேண்டாம்.

வாங்க வேண்டியது ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியில் சூடான பாஸ்ட்ராமி, கூடவே கடுகு சாஸ். மூன்றே பொருள். இறைச்சி எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் கடையில் என்ன கேட்பது என்பது தானாக விளங்கும்.

பாஸ்ட்ராமி மாட்டிறைச்சி. பாஸ்திர்மா என்ற துருக்கிய உப்பிட்ட இறைச்சி ருமேனியாவுக்குப் போய், அங்கிருந்து யூதர்களோடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்குக்கு வந்தது. ருமேனியாவில் வாத்து இறைச்சியிலும் செய்தார்கள். அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தது மாட்டின் நெஞ்சை ஒட்டிய வயிற்றுத் துண்டு. கசாப்புக்காரர்கள் அதை நேவல் என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி மாட்டின் பின்பாகத்தில் உள்ள தொடை நரம்பையும் சில கொழுப்புகளையும் நீக்கியாக வேண்டும். அது பெரிய வேலை என்பதால் அமெரிக்கக் கோஷர் கசாப்புக்கடைகள் பொதுவாக முன்பாகத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதனால்தான் டெலியில் நெஞ்சுப்பகுதியான பிரிஸ்கெட், நேவல், நாக்கு என்றே சுற்றிச் சுற்றி வரும்.

இந்தத் துண்டை உப்பு, சர்க்கரை, பூண்டு, நைட்ரைட் உப்பு சேர்த்துப் பல நாள் ஊறவைக்கிறார்கள். வெந்த பிறகும் இறைச்சி இளஞ்சிவப்பாக இருப்பது நைட்ரைட்டால். வேகவில்லை என்று பயந்து திருப்பிக் கொடுக்காதீர்கள். ஊறியபின் மேலே கொரகொரவென்று உடைத்த மல்லியையும் மிளகையும் அப்பி, புகையில் மெல்லச் சுடுகிறார்கள். நம் ரசப்பொடியின் பாதி அந்தக் கறுத்த மேலோட்டில் இருக்கிறது. கடைசியாக நீராவி. இதுதான் உயிர்நாடி. நேவல் துண்டில் சவ்வு அதிகம். அது நீண்ட நேர ஈரச்சூட்டில்தான் கரைந்து கொழகொழப்பாகும். ஆவியில் போதுமான நேரம் இருக்காத பாஸ்ட்ராமி ரப்பர்தான், எவ்வளவு பேர்போன கடையாக இருந்தாலும்.

கார்ன்ட் பீஃப் இதன் தம்பி. ஊறவைப்பதுவரை ஒன்றுதான். பிறகு மசாலாவும் புகையும் கிடையாது, வேகவைப்பதோடு சரி. முதல்முறை போகிறவர் பாஸ்ட்ராமியே வாங்கலாம்.

தரம் எங்கே கெடுகிறது? முதலில் ஊறவைப்பதில். தொழிற்சாலை இறைச்சியில் உப்புநீரை ஊசியால் ஏற்றி ஒன்றரை நாளில் வேலையை முடித்துவிடலாம். பழைய யூத டெலிகளில் ஒன்றான காட்ஸ் தன் இறைச்சிக்கு 30 நாள்வரை ஆகிறது என்கிறது. ஊசி போட்டது வெட்டும்போதே தண்ணீர் விடும், உப்பு மேலாகத் தெரியும், உள்ளே சுவை இருக்காது. அடுத்து வெட்டுவதில். நன்றாக வெந்த துண்டை மெஷினில் போட்டால் நொறுங்கும் என்பதால் மெஷின் கடைகள் சற்றுக் குறைவாக வேகவைப்பதுண்டு. கையால் வெட்டும் கடையில் அந்தப் பிரச்சினை இல்லை. நாருக்குக் குறுக்கே, நாலைந்து மில்லிமீட்டர் தடிமனில் துண்டு விழ வேண்டும். நாரோடு சேர்த்து வெட்டினால் பல்லில் கயிறாகச் சிக்கும். ஒரு துண்டை முள்கரண்டியில் தூக்கிப் பாருங்கள். வளைந்து தொங்க வேண்டும். விறைத்து நின்றால் ஆவி போதவில்லை.

கையால் வெட்டுவதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் காட்ஸ் டெலிகேடசன்தான். 1888இல் தொடங்கிய கடை, கிழக்கு ஹவ்ஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சந்திக்கும் மூலையில். தெருப் பெயரை ஹவ்ஸ்டன் என்றே சொல்லுங்கள். ஹூஸ்டன் டெக்சாஸில் இருக்கிறது. 'எஃப்' ரயிலில் செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை.

கடையின் நடைமுறை புதிதாகப் போகிறவர்களைத் திணறடிக்கும். வாசலில் ஆளுக்கொரு சீட்டு தருவார்கள். நாலு பேர் போனால் நாலு சீட்டு. உள்ளே எது வாங்கினாலும் அந்தச் சீட்டில் குறித்துத் தருவார்கள், வெளியே போகும்போது அதைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். ஒரே சீட்டில் எல்லாரும் வாங்கியிருந்தாலும் மற்ற வெற்றுச் சீட்டுகளையும் திருப்பித் தர வேண்டும். தொலைத்தால் 50 டாலர் அபராதம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

உள்ளே நீளமான கவுன்டர். கத்தியோடு நிற்கும் ஒவ்வொருவருக்கு முன்னாலும் தனித்தனி வரிசை. குறைவான வரிசையில் நின்றுவிடுங்கள், எல்லா இடத்திலும் கிடைப்பது ஒரே இறைச்சிதான். பானமும் பொரித்த உருளைக்கிழங்கும் வேறு இடத்தில். ஒருவர் சாண்ட்விச் வரிசையில் நிற்கும்போது இன்னொருவர் மேசை பிடிப்பது நல்லது. உங்கள் முறை வந்ததும் 'பாஸ்ட்ராமி, ரை, மஸ்டர்ட்' என்றால் போதும். அடுத்த கேள்வி கொழுப்பு பற்றி வரும். அங்கே தயங்காமல் 'ஜூசி' என்று சொல்லுங்கள். உடம்புக்கு நல்லது என்று 'லீன்', அதாவது கொழுப்பு குறைந்தது, கேட்பவர்தான் அதிகம் ஏமாறுகிறார். கொழுப்பில்லாத ஓரம் சீக்கிரம் உலரும், புகைமணமும் அதில் குறைவு. ஒரே சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கீரை சாப்பிடலாம்.

வெட்டுகிறவர் முதலில் ஒரு துண்டை ருசிபார்க்கத் தட்டில் வைப்பார். அந்த நேரத்தில் ஒன்றிரண்டு டாலர் டிப் வைப்பது வழக்கம். துண்டு உலர்ந்திருந்தால் அப்போதே சொல்லலாம், வேறு கட்டி எடுப்பார். சாண்ட்விச்சைக் கட்டியபிறகு சொல்லிப் பயனில்லை. சுவரோரமாகப் பரிமாறுபவர் வரும் மேசைகளும் உண்டு. அங்கே உட்கார்ந்தால் வரிசை மிச்சம், ஆனால் வெட்டுவதைப் பார்க்க முடியாது. டிப்பும் 18 முதல் 20 சதவீதம் ஆகும்.

விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். 25 டாலருக்கு மேல்தான். பலகையில் 28 என்றிருந்தால் 8.875 சதவீத விற்பனை வரியும் சேர்ந்து 30.50ஐ ஒட்டிவிடும். ஆனால் உள்ளே ஏறத்தாழ முக்கால் பவுண்டு, அதாவது 340 கிராம் இறைச்சி இருக்கும். இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். கவுன்டரில் வாங்கினால் பகிர்வதை யாரும் கேட்கமாட்டார்கள். மேசைக்குப் பரிமாறும் சில டெலிகளில் பகிர்வதற்கென்று தனிக் கட்டணம் உண்டு, மெனுவின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள். சனி, ஞாயிறு மதியம் வரிசை தெருவில் நீளும். வாரநாளில் காலை பத்து மணிக்கோ மதியம் மூன்றரைக்கு மேலோ போனால் நிம்மதி.

ஒரு முக்கியமான விஷயம், காட்ஸ் கோஷர் கடை அல்ல. சமையல் மரபு யூத மரபு, அவ்வளவுதான். மதக் கண்காணிப்பு கிடையாது, இறைச்சியோடு சீஸும் கிடைக்கும். 'கோஷர் ஸ்டைல்' என்று எங்கே பார்த்தாலும் கோஷர் இல்லை என்றே படியுங்கள். மத காரணத்துக்காகக் கோஷர் தேடுபவர்கள் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோஷர் கடையிலும் இரண்டு தட்டு உண்டு. கட்டுப்பாடு மிகுந்தவை வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே மூடி, யூத ஓய்வுநாள் முடியும் சனி இரவுவரை திறக்காது. பஸ்கா என்ற யூதப் பண்டிகை வாரத்தில் புளித்த ரொட்டிக்கே இடமில்லை. அந்த நாட்களில் பயணம் அமைந்தால் முதலில் போன் செய்துவிடுங்கள்.

செகண்ட் அவென்யூ டெலி கோஷர் கடை, ஆனால் சனிக்கிழமையும் திறந்திருக்கும். அதனால் வைதீகமான யூதர்கள் சிலர் ஏற்பதில்லை. 1954இல் ஈஸ்ட் வில்லேஜில் தொடங்கி, 2006இல் அங்கே மூடி, 2007இல் கிழக்கு 33ஆம் தெருவில் மீண்டும் திறந்தது. முதல் அவென்யூ 75ஆம் தெருவில் ஒரு கிளை. பெயரில்தான் செகண்ட் அவென்யூ. அதே பெயருள்ள ரயில் நிலையத்தில் இறங்கினால் காட்ஸுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்! சூப், நாக்கு, கோழி ஈரல் போன்றவற்றில் இந்தக் கடைக்கே என் ஓட்டு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு லெக்சிங்டன் அவென்யூ 78ஆம் தெரு அருகே பாஸ்ட்ராமி குவீன் நடக்கிற தூரம். உட்கார இடம் குறைவு.

கோஷர் கடையில் சாண்ட்விச்சுக்கு சீஸ் கேட்காதீர்கள், இறைச்சியும் பாலும் சேராது. காப்பிக்கு வருவதும் பாலில்லாத கிரீம்தான். கார்ன்ட் பீஃப், சுவிஸ் சீஸ், புளித்த முட்டைகோஸ் வைத்துச் சுடும் ரூபன் சாண்ட்விச்சை யூத உணவின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி பார்த்தால் அது சேரவே சேராத கூட்டணி. மயோனைஸ் கேட்டால் எந்தக் கடையிலும் புருவம் உயரும். கொழுப்பு மேல் கொழுப்பு ஊற்றுவானேன்? கடுகின் காரமும் புளிப்பும்தான் அந்தக் கொழுப்பை வெட்டும்.

பிக்கிள், அதாவது ஊறவைத்த வெள்ளரிக்காய், தட்டில் தானாக வரும். பச்சைப்பசேல் என்றிருப்பது அரைப்புளிப்பு, சில நாள் உப்புநீரில் கிடந்தது. மங்கிய ஆலிவ் நிறம் முழுப்புளிப்பு. இரண்டும் உப்புநீரிலேயே புளித்தவை, வினிகர் இல்லை. பானத்துக்கு டாக்டர் பிரவுன்ஸ் செல்ரே, செலரி மணமுள்ள சோடா. பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். பாஸ்ட்ராமியோடு குடித்தால்தான் அதன் நியாயம் தெரியும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வான்கோழி சாண்ட்விச் உண்டு. சைவர்களுக்கு டெலி கஷ்டம்தான். மாட்ஸோ என்ற புளிக்காத ரொட்டியின் தூளில் பிடித்த உருண்டை போட்ட சூப் கோழிச்சாறு, வதக்கியது எதிலும் கோழிக் கொழுப்பு இருக்கலாம். அதே ஹவ்ஸ்டன் தெருவில் 1910 முதல் இருக்கும் யோனா ஷிம்மல் கடையில் உருளைக்கிழங்கு நிஷ் வாங்கலாம், மாவுக்குள் மசியலை வைத்துச் சுட்டது. முட்டை, கொழுப்பு பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு 1914இல் தொடங்கிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ், இப்போது அதே தெருவில். புகைமீன், கிரீம் சீஸ், பேகல் என்ற வளைய ரொட்டி எல்லாம் அங்கே. பாலும் மீனும் விற்கும் இப்படிப்பட்ட கடைக்கு டெலி என்று பெயரில்லை, 'அப்பெடைசிங்' என்பார்கள்.

அறைக்கு எடுத்துப் போவதானால் கட்டிய சாண்ட்விச் வேண்டாம். ஆவியில் ரொட்டி அரைமணியில் கூழாகிவிடும். இறைச்சியைப் பவுண்டுக் கணக்கில், வெட்டாமல் ஒரே துண்டாக வாங்கி, ரொட்டியையும் கடுகையும் தனியாகக் கேளுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் தோலாகும், கொழுப்பு உருகி ஓடிவிடும். அமெரிக்காவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அவர்கள் சம்மதத்தோடு இட்லிப் பானையை எடுங்கள். ஒரு பவுண்டுத் துண்டுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை. பிறகு நார் ஓடும் திசையைப் பார்த்துக் குறுக்கே வெட்டுங்கள்.