காருக்குப் பெயின்ட் இல்லாமல் புது நிறம்: வினைல் ராப், இதுவரை முடிந்த வேலை

முன் பம்பரைத் தவிர மற்ற எல்லாப் பாகங்களும் முடிந்துவிட்டன. வெள்ளையாக இருந்த கார் இப்போது சாட்டின் (மிதமான பளபளப்புள்ள) கரும்பச்சை. கிட்ட வந்து விரலால் தடவிப் பார்ப்பவர்கள்கூட முதலில் பெயின்ட் என்றுதான் நினைக்கிறார்கள். முழுக்க வினைல் ஃபிலிம், அதாவது பின்பக்கம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள், வீட்டு ஷெட்டில் கையால் ஒட்டியது. பம்பரில் கை வைப்பதற்கு முன் இதுவரை தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும்.

பெயின்டை விட்டு இந்தப் பக்கம் வந்ததற்கு முதல் காரணம் பாதுகாப்பு. கார்களுக்கு நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான 2கே க்ளியர் கோட்டில், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரும் ஆபத்து உண்டு. சுத்தமான காற்றைத் தனியாகக் கொண்டுவரும் முகமூடியும், தூசி வடிகட்டும் பூத்தும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடாத வேலை அது. இரண்டாவது காரணம், ஃபிலிமைக் கழற்றிவிடலாம். கீழே கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். நாளைக்கு நிறம் அலுத்துப் போனாலோ, காரை விற்கும்போது பழைய நிறமே வேண்டும் என்று யாராவது கேட்டாலோ சிக்கல் இல்லை.

ஃபிலிம் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், அது காஸ்ட் வகையா, காலண்டர்ட் வகையா என்பது. நிறத்தைப் பற்றிய யோசனை அதற்கு அப்புறம்தான். காலண்டர்ட் ஃபிலிமைச் சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்குகிறார்கள். அந்த இழுவிசை ஃபிலிமுக்குள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் பின்வாங்கும். காஸ்ட் ஃபிலிம் அப்படி உருவாவதில்லை. திரவமாக இருக்கும் பிவிசி (வினைல் பிளாஸ்டிக்) கலவையை ஒரு தாளின் மேல் மெல்லிய படலமாக ஊற்றி, அடுப்பில் காயவைத்து எடுக்கிறார்கள். யாரும் இழுக்கவில்லை என்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. வளைவு நெளிவுகளில் படியும், படிந்தபடி நிற்கும். 3எம் 2080, ஏவரி டென்னிசனின் சுப்ரீம் ராப்பிங் ஃபிலிம் எல்லாம் காஸ்ட் வகைதான். தட்டையான போர்டுகளுக்குக் காலண்டர்ட் போதும். காருக்குக் காஸ்ட்தான் என்பது என் உறுதியான கருத்து.

ரோல் பெரும்பாலும் 1.52 மீட்டர் அகலத்தில் வருகிறது. பானட்டும் கூரையும் ஒரே துண்டில் அடங்க இது வசதி. எல்லா மீட்டரையும் ஒரே தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண் கொண்ட ரோலிலிருந்து வாங்குவது நல்லது. இரண்டு ரோல்களின் பச்சைக்கு நடுவே மெல்லிய வித்தியாசம் இருந்தால் கதவும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் அது பளிச்சென்று தெரியும். சாட்டின், மெட்டாலிக் ஃபிலிம்களுக்குத் திசையும் உண்டு. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து ஒட்ட, பின்பக்கத் தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டேன்.

அடுத்தது சுத்தம் செய்வது. மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். பசையோடு சேர்த்தே ஃபிலிமின் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். கீழே இருக்கும் மேடு பள்ளம் எதையும் அது மறைக்காது. கல் தெறித்த பொத்தல், துருக் கொப்புளம், பட்டி போட்ட இடத்தின் விளிம்பு எல்லாம் மேலே எழும்பித் தெரியும். நகத்தால் வருடினால் தட்டுப்படும் எதுவும் ஃபிலிமுக்கு மேலும் தட்டுப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய நிறத்தின் மங்கலையும் லேசான கீறலையும் மறைக்கும், அவ்வளவுதான். ஆகவே பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் காருக்கு இது தீர்வு இல்லை. முதலில் அந்த இடங்களைச் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் என்றால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற சில வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிமுக்கு அடியில் குமிழ் எழும். மேலோட்டமாக மறுபெயின்ட் அடித்த பாகத்தில் இன்னொரு ஆபத்து: ஃபிலிமைக் கழற்றும் நாளில் அந்தப் பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

ஷாம்பூ கழுவல், பிறகு க்ளே பார் (ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), கடைசியில் தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹால். மெழுகோ சிலிகான் பாலிஷோ கொஞ்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. நடுப்பகுதியைவிட ஓரங்கள்தான் முக்கியம். கதவின் உள்மடிப்பு, பானட்டின் கீழ் விளிம்பு, பெட்ரோல் மூடிக்குப் பின்பக்கம், ரப்பர் பீடிங் உட்காரும் பள்ளம். ஃபிலிம் முடியும் இடம் அதுதான், அழுக்கு சேருவதும் அங்கேதான். மைக்ரோஃபைபர் துணியை ஒரு பிளாஸ்டிக் பட்டையில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தேன். துணி வெள்ளையாக வரும் வரை விடவில்லை. கைப்பிடி, சின்னம், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றாமல் சுற்றி வெட்டி ஒட்டினால் ஓரம் ஒளிய இடம் இருக்காது.

பானட்டும் கூரையும் பெரியவை, ஆனால் எளியவை. இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, பின்தாளை உரித்து, ஃபிலிமைப் பாகத்துக்கு மேலே கண்ணாடி போல் விறைப்பாக நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். இப்போதைய ஃபிலிம்களின் பசையில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் இருப்பதால், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியை (தேய்க்கும் பிளாஸ்டிக் பட்டை) சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன்மேல் பாதி ஏறும்படி இழுத்தாலே காற்று போய்விடுகிறது. சுருக்கம் விழுந்தால் மேலே வைத்துத் தேய்த்துத் தள்ளக்கூடாது. ஓரம்வரை தூக்கிவிட்டு, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் சுருங்கிய ஃபிலிம் தானாகவே தளர்ந்து சமமாகிறது. பிறகு மறுபடி இறக்கலாம். இதை நேரில் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருந்தது.

இழுவைதான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் நம்புவதற்குக் காரணம் ஒரு சோதனை. காரில் பள்ளமான பாகங்களைத் தொடுவதற்கு முன், கழற்றிப்போட்ட ஒரு பழைய பம்பர்த் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பள்ளங்களிலும் ஃபிலிமை அழுத்தி ஒட்டினேன். ஒட்டிய உடனே இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றின் மேல் ஹீட் கன்னைப் பிடித்து, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரில் 95 டிகிரி செல்சியஸ் தாண்டும்வரை அங்குலம் அங்குலமாகச் சூடாக்கினேன். மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தபோது, சூடு காட்டாத பள்ளத்தின் நடுவில் ஃபிலிம் கூடாரம் போல் மேலே எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது, எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. சூடு காட்டியது அசையவே இல்லை. காஸ்ட் ஃபிலிமானாலும் நாம் ஒட்டும்போது கொடுக்கும் இழுவையை அது நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவை அழிப்பதற்குத்தான் கடைசிச் சூடு. எத்தனை டிகிரி என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். கையால் தொட்டு மதிப்பிடுவது போதாது, தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

அந்தச் சோதனைக்குப் பின் வேலை செய்யும் முறையே மாறியது. எங்கே இழுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த இழுவையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடப் பழகினேன். பக்கக் கண்ணாடியின் கூடுதான் இதற்குச் சரியான பாடம். முட்டை வடிவம், எல்லாப் பக்கமும் வளைவு. ஃபிலிமைச் சூடாக்கி, முழுதாக மேலே போர்த்தி, நான்கு பக்கமும் சமமாக இழுத்துப் பிடித்த பிறகே பசையை அழுத்தினேன். ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் அங்கே நிறம் வெளுக்கும், சாட்டின் பளபளப்பு மாறும், ஃபிலிமும் மெலிந்துவிடும். பெரிய கூரையைவிட இந்தச் சின்னக் கூட்டுக்கு அதிக நேரம் ஆனது.

வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். க்ளியர் கோட்டின் கனம் பொதுவாக 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஃபிலிமை வெட்டும் பிளேடு அதையும் வெட்டிவிட எந்தச் சிரமமும் இல்லை. அந்த வெட்டு வழியாக ஈரம் இறங்கினால் துரு. பரப்பின் நடுவில் நிறம் பிரிய வேண்டிய இடங்களில் நைஃப்லெஸ் டேப்தான் பயன்படுத்தினேன். அதற்குள் ஒரு மெல்லிய இழை இருக்கிறது. டேப்பை முதலில் கோடு போல் ஒட்டி, மேலே ஃபிலிமைப் போர்த்தி, இழையின் நுனியைப் பிடித்து இழுத்தால் ஃபிலிம் உள்ளிருந்து நேராகக் கிழிந்து வருகிறது. கதவு ஓரங்களில் மட்டும் பிளேடு, அதுவும் பாகத்துக்கு வெளியே தொங்கும் ஃபிலிமில். உள்மடிப்புக்குள் அரை செ.மீ.க்குக் குறையாமல் மடித்து, அந்த மடிப்புக்கும் கடைசிச் சூடு கொடுத்தேன்.

பின்பக்க டிக்கியில் நம்பர் பலகை உட்காரும் பள்ளத்துக்கு ஒரே துண்டில் போகவில்லை. பள்ளத்துக்குத் தனித் துண்டு முதலில், பிறகு பெரிய துண்டு அதன்மேல் சிறிதளவு ஏறும்படி. இணைப்புக் கோடு நிழலில் விழுவதால் தேடினால்தான் தெரியும். ஒரே துண்டில் முடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அளவுக்கு மீறி இழுத்த ஒற்றைத் துண்டைவிட இழுக்காத இரண்டு துண்டு நீண்ட நாள் நிற்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒட்டி முடித்த பாகங்களைப் பசை முழுதாகப் பிடிக்கும்வரை கழுவவில்லை. இப்போது கையால்தான் கழுவுகிறேன். உயர் அழுத்தத் தண்ணீரை ஓரங்களின் பக்கம் காட்டுவதில்லை. பெட்ரோல் சொட்டும் பறவை எச்சமும் விழுந்த உடனே துடைக்க வேண்டும். சாட்டின் ஃபிலிமுக்கும் பளபளப்பில்லாத மேட் ஃபிலிமுக்கும் மெஷின் பாலிஷ் கூடாது, அந்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும். வெயில் நேராக விழும் பானட்டும் கூரையும் பக்கவாட்டுப் பாகங்களைவிட முன்னதாகவே மங்கும், ஆகவே முதலில் மாற்ற வேண்டியவையும் அவைதான். நாளாகி ஃபிலிம் வெடிக்க ஆரம்பிக்கும்வரை விட்டுவைத்தால் துண்டு துண்டாகத்தான் உரியும். அதற்கு முன்பே, சூடு காட்டி, தாழ்வான கோணத்தில் நிதானமாக இழுத்துக் கழற்றிவிடுவது நல்லது. இன்னொன்று, பதிவுச் சான்றில் நிறத்தை மாற்றி எழுத வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஃபிலிம்தானே என்று விட்டுவிடாமல் தொடங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது முன் பம்பர். பனிவிளக்குப் பள்ளங்கள் ஆழமானவை, அவற்றுக்குத் தனித் துண்டுகளை ஏற்கெனவே அளந்து வெட்டி வைத்துவிட்டேன். கீழே இருக்கும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது என்பதால் அதை அப்படியே விடுகிறேன், ஃபிலிம் அதற்கு மேல் விளிம்பில் முடியும். பார்க்கிங் சென்சார்களைக் கழற்றி, ஃபிலிம் ஒட்டியபின் துளை வெட்டித் திரும்ப மாட்டப்போகிறேன். பம்பரை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வைத்தாயிற்று. கழுவி, ஆல்கஹால் துடைத்ததும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போவதாகத் திட்டம்.