ஏழரைச் சுற்று

"கோபுரம்" என்றதுமே பெரியம்மாவின் கை முட்டியைத் தடவியது.

"படி கிடையாது பெரியம்மா. சரிவுதான், ஏழரைச் சுற்று."

"ஏழரையா? அதான் எனக்குப் போன வருஷமே முடிஞ்சுதேடா!"

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் வட்டக் கோபுரம். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கட்டி 1642இல் முடித்தது. உச்சியில் வானாய்வகம், அதற்குக் கீழே அந்தக் காலத்தில் நூலகம். கனமான கருவிகளையும் புத்தகங்களையும் ஏற்றத்தான் செங்கல் பாவிய இந்தச் சரிவு. 1716இல் ரஷ்யாவின் மகா பீட்டர் குதிரையிலேயே ஏறினாராம்.

பெரியம்மா குதிரையைவிட நிதானம். ஜன்னல் மாடம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணினார். பின்னாலேயே அம்மா, தண்ணீர் பாட்டிலோடு.

கடைசியில் மட்டும் குறுகலாகக் கொஞ்சம் படி. என்னை ஒரு முறை முறைத்தார். ஏறிவிட்டார்.

வீட்டில் மொட்டைமாடிக்கே வராதவர். ஏற முடியாதவர் என்று நாங்கள்தான் முடிவு கட்டியிருந்தோம் போல. அவருக்கு ஆகாதது படி மட்டும்தான்.

மேலே நல்ல காற்று. "நம்ம தரங்கம்பாடிக் கோட்டையும் இதே ராஜா காலத்துலதான், 1620" என்றேன்.

"அங்கயும் இப்படி ஒரு சரிவு வெச்சிருக்கலாம்ல?"