குழாய் ஸ்லிப்ஸில் நின்ற இருபது நிமிடம்

கடலில் எண்ணெய், வாயுக் கிணறு தோண்டும் மிதக்கும் ரிக்கில் புதிதாக ஏறுகிறவர்களை முதல் நாளே ஒரு காட்சி குழப்பிவிடும். துளையிடும்போது டெரிக் என்ற கோபுரத்துக்குள் தொங்கும் டிராவலிங் பிளாக், அதாவது குழாயைத் தாங்கும் பெரிய கப்பி, தளத்திலிருந்து பார்த்தால், மெல்ல மேலே போவதும் கீழே வருவதுமாகவே இருக்கும். எனக்கும் அதுதான் ஆடுகிறது என்று பட்டது. சீனியர் ட்ரில்லர் சிரித்துவிட்டு, "அது நிக்குது தம்பி, ஆடுறது நாமதான்" என்றார்.

கப்பல் அலையில் ஏறி இறங்குவதை (ஹீவ்) ஈடுகட்டும் ஹீவ் காம்பென்சேட்டரின் வேலையே அதுதான். எங்கள் கப்பலில் அலை தூக்கினால் டிராவொர்க்ஸ் என்ற வின்ச் அதற்கேற்பக் கம்பியை விடும், இறக்கினால் சுற்றிக்கொள்ளும். பழைய ரிக்குகளில் காற்றழுத்தத்தில் நிற்கும் பெரிய ஹைட்ராலிக் சிலிண்டர்கள் இதைச் செய்தன. அதற்கும் முன்னால், 1961-இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே 3,500 மீட்டருக்கு மேல் ஆழத்தில் கஸ்-1 கப்பல் துளையிட்டபோது, குழாய்க்குள்ளேயே நீண்டு சுருங்கும் பம்பர் சப்தான் துணை. இருநூறு டன் குழாய் மேலே தொங்க, அடியில் பாறையைத் துளைக்கும் பிட் மேல் பத்துப் பதினைந்து டன் மட்டும் உட்கார வேண்டும் என்றால், ஒவ்வொரு அலைக்கும் பிட் எழுந்து போய்ப் பாறையில் இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாத நேரம் ஒன்று உண்டு. மூன்று குழாய் கொண்ட ஒரு ஸ்டாண்ட் துளைத்து முடித்ததும் பிட்டைக் கொஞ்சம் தூக்கி, குழாயைத் தளத்தில் ஸ்லிப்ஸ் என்ற ஆப்புகளில் பிடிக்க வைத்து, அதை மேலிருந்து சுழற்றும் டாப் டிரைவைக் கழற்றி அடுத்த ஸ்டாண்டை மாட்டுவோம். அந்த நாலைந்து நிமிடம் குழாய் கப்பலோடு கட்டுண்டு கிடக்கும். கப்பல் ஏறினால் கிணற்றுக்குள் மொத்தக் குழாயும் பிஸ்டன் மாதிரி ஏறும்.

கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் ஒரு இரவு, காற்றே இல்லை, ஆனால் நீளமான அலை. குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன், "அண்ணே, எங்க ஊர்ல இதைக் கள்ளக்கடல்னு சொல்லுவோம்" என்றான். எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை, சத்தமில்லாமல் வந்து சேரும். சிறு அலைகள் கப்பலுக்கடியில் ஓடிப்போய்விடும், இது கப்பலையே தூக்கும். அன்று பார்த்து அடுத்த ஸ்டாண்டின் திருகுநூல் கெட்டிருந்தது. வேறு ஸ்டாண்ட் எடுத்துவர இருபது நிமிடம். கிணற்றுக்குள் சேற்றுத் திரவத்தை (நாங்கள் 'மட்' என்போம்) செலுத்தும் பம்புகள் நின்றிருந்தன, குழாய் ஸ்லிப்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நான் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, அடியிலிருந்த மட் மேலே வந்தபோது, அதில் வாயு அளவு சட்டென்று எகிறியது. முதலில் எல்லோரும் வாயுவை அடக்க மட் எடை போதவில்லை என்றுதான் வாதாடினோம். எடையை ஏற்றவும் பயம், ஆழ்கடலில் மட் அழுத்தத்தில் பாறை உடையும் எல்லை ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். மட்டில் வரும் வாயுவைக் கண்காணிக்கும் மட் லாகர்தான் ஹீவ் வரைபடத்தையும் வாயு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சீக்கிரம் ஸ்டாண்ட் மாட்டி முடித்த சின்ன கனெக்ஷன்களில் சின்ன மேடு, அந்த இருபது நிமிடத்துக்கு மலை. குழாய் ஏறும்போதெல்லாம் கிணற்றின் அடியில் அழுத்தம் குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை உறிஞ்சியிருக்கிறோம்.

மட் எடையைத் தொடவில்லை. ஷிஃப்ட் ஒப்படைக்கும் தாளில் மட்டும் எழுதி வைத்தேன்: நூல் கெட்டிருந்தால் முதலில் டாப் டிரைவைத் திரும்ப மாட்டி, குழாயைக் காம்பென்சேட்டரில் தொங்கவிட்டு பம்பை ஓட்டு, அப்புறம் ஸ்டாண்டைத் தேடு. பகல் ஷிஃப்ட்காரர் படித்துவிட்டு, "இதுகூடத் தெரியாமலா இருந்தீங்க?" என்றார். தெரியும்தான்.