காவல்துறை புகார் ஆணையத்துக்கு மனு எழுதிய ஓராண்டு

2023 ஆகஸ்டில் ஒரு நாள் என் தம்பியைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். காலை 11 மணிக்குப் போனவன் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்பினான். பத்தாண்டுகளாக அவன் வாடகைக்கு நடத்திவந்த கடையை 2 வாரத்துக்குள் காலி செய்து தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கட்டட உரிமையாளருக்கும் அவனுக்கும் முன்பணம் பற்றி இருந்த தகராறு உரிமையியல் நீதிமன்றம் பார்க்க வேண்டியது. அது ஓர் உதவி ஆய்வாளரின் மேசையில் முடித்துவைக்கப்பட்டது. முதல் தகவல் அறிக்கை இல்லை, மனு ரசீது இல்லை, உடம்பில் காயமும் இல்லை. பத்து மணி நேரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள் என்பதற்கு அவன் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, விட்டுடு. அந்த ரோட்டுலதான் நான் தொழில் பண்ணணும்" என்றான். நான் விடவில்லை. அது சரியா என்று இன்றும் சில நாட்களில் யோசிப்பதுண்டு.

மாவட்டக் காவல்துறை புகார் ஆணையம் என்று ஒன்று சட்டத்தில் இருப்பதை, தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதிய காலத்திலிருந்தே, விதியைப் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால், முதலில் அதைத் தேடிப் படித்தேன். காவல்துறைச் சீர்திருத்தம் கோரி 1996இல் தாக்கலான பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிறப்பித்த 7 கட்டளைகளில் ஒன்று இந்த ஆணையம். துணைக் கண்காணிப்பாளர் நிலை வரை உள்ளவர்கள் மீதான புகாரை மாவட்ட ஆணையமும், அதற்கு மேற்பட்டவர்கள் மீதான புகாரை மாநில ஆணையமும் விசாரிக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருப்பார். உறுப்பினர்களை மனித உரிமை ஆணையம், லோக் ஆயுக்தா அல்லது அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு தேர்ந்தெடுக்கும்; அந்தப் பட்டியலில் ஓய்வுபெற்ற அதிகாரிகளோடு குடிமைச் சமூகத்தினரும் இடம்பெறலாம். காவலில் மரணம், கொடுங்காயம் போன்றவற்றோடு, நிலத்தையும் வீட்டையும் பறிப்பதும், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துவதும் மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வரும். தம்பியின் கதைக்கென்றே எழுதிய வரி போல எனக்குத் தோன்றியது.

ஆனால் தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. அதன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர், அவரோடு அமர்பவர் அதே மாவட்டத்தின் காவல் கண்காணிப்பாளர். மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். காவல்துறைத் தலைமை இயக்குநர் உறுப்பினர். ஆணையங்களை அமைக்கும் அரசாணையே 2019இல்தான் வந்தது. இந்த அமைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடரப்பட்டன. நான் எழுதப்போகும் புகார், புகாருக்கு உள்ளானவரின் மேலதிகாரியிடமே போய்ச் சேரும் என்பது மனுவின் முதல் வரியை எழுதுமுன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் எழுதினேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தபோது, பதிவு செய்த ஊழியர் மனுவின் முகவரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இப்படி ஒரு ஆணையம் இருக்குதாம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அரசாணையின் நகலைக் காட்டினேன். எண் போட்டு ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தார். இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் இப்படி மனு கொடுக்க நேர்ந்தால், அரசாணையின் நகலைக் கையோடு கொண்டு போவது நல்லது.

மூன்று வாரம் கழித்து, மனு "உரிய நடவடிக்கைக்காக" காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதற்கடுத்த மாதம் பக்கத்து உட்கோட்டத் துணைக் கண்காணிப்பாளர் எங்களை அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி கொடுத்தார். தம்பியின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். அன்று நிலையத்துக்கு மூன்று முறை தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் அவனைத் தரையில் பார்த்தார் என்றும், அவரை விசாரிக்கலாம் என்றும் நான் சொன்னேன். "பார்த்துக்கலாம்மா" என்றார். ஐந்து மாதம் கழித்து, குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று நான்கு வரியில் பதில் வந்தது.

விசாரணை அறிக்கையைப் பார்க்காமல் அந்த நான்கு வரியோடு சண்டை போட முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அறிக்கையின் நகலையும் அன்றைய கண்காணிப்புக் கேமராப் பதிவையும் கேட்டேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில், விசாரணைக்கு இடையூறாகும் என்று பிரிவு 8(1)(எச்)ஐக் காட்டி மறுத்தார்கள். விசாரணை முடிந்துவிட்டது என்று நீங்களே கடிதம் எழுதிய பிறகு எந்த விசாரணைக்கு இடையூறு என்று மேல்முறையீட்டில் கேட்டேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 9 பக்கத்துக்கு 18 ரூபாய் கட்டி அறிக்கையை வாங்கினேன்.

கேமராப் பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையப் பதிவுகளையும் 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த நிலையத்தின் கேமராப் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது நீதித்துறை நடுவரின் விசாரணையில் தெரியவந்ததை நாம் எல்லோரும் படித்தோம். எங்கள் பதிவு எந்த நாளில் அழிந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அறிக்கையில் ஐந்து காவலர்களின் வாக்குமூலங்கள் இருந்தன. ஐந்திலும் தம்பி நிலையத்தில் "சுமார் அரை மணி நேரம்" இருந்ததாக ஒரே சொற்றொடர். தேநீர்க் கடைக்காரரின் பெயரே இல்லை. பொய் எழுதிவிட்டார்கள் என்பதைவிட, ஐந்து பேரும் எப்படி ஒரே சொற்றொடரைப் பேசினார்கள் என்று கேட்க அந்த அறிக்கை போன வழியில் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் என்னை உறுத்தியது. துணைக் கண்காணிப்பாளர் எழுதியதைக் கண்காணிப்பாளர் ஏற்றார். கண்காணிப்பாளர் ஏற்றதை ஆட்சியர் ஏற்றார். சட்டம் ஒழுங்குக்கு நாள்தோறும் கண்காணிப்பாளரை நம்பியிருக்கும் ஆட்சியர், இப்படி ஒரு கடை வாடகை விவகாரத்துக்காக அவரிடம் மறுகேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது ஆட்சியருக்கும் நியாயமில்லை.

இந்த நேரத்தில்தான் வழக்கறிஞர் சங்க அரங்கில், புகார் ஆணையத்தில் பொதுமக்களை உறுப்பினராக்க வேண்டுமா என்று ஒரு கலந்துரையாடல் நடந்தது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் பேசியதுதான் மனதில் நின்றது. பந்தோபஸ்து முடித்து வந்து இரவெல்லாம் வழக்குக் கட்டு எழுதும் ரைட்டரின் நிலை வெளியாளுக்குப் புரியாது என்றார். அதைவிட, "உறுப்பினர்னு காருல போர்டு மாட்டிக்கிட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா பஞ்சாயத்து பண்ண ஆரம்பிச்சிடுவாங்க" என்று அவர் சொன்னபோது அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். வட்டச் செயலாளர்கள் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காருவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல.

அவருக்குப் பதில் சொன்ன இளம் வழக்கறிஞர், குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறாரின் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தை எடுத்துக்காட்டினார். அங்கே நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் சமமாக அமர்கிறார்கள், ஒருவர் கட்டாயம் பெண். குழந்தைகளின் கல்வி, நலம், சுகாதாரம் போன்றவற்றில் 7 ஆண்டு ஈடுபாடு என்பது போன்ற தகுதி சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நான் கூடுதலாக ஒன்றைச் சொன்னேன்: கேமராக்களைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன மாவட்டக் குழுவில் ஆட்சியரோடும் கண்காணிப்பாளரோடும் நகரத்தில் மேயரோ, ஊரகத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவரோ உண்டு. பதிவு ஓடுகிறதா என்று பார்க்க வெளியாள் வரலாம், அதில் பதிவான அடியை விசாரிக்க வரக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் வெளியாளைப் போட்டால் மட்டும் எங்கள் அறிக்கை மாறியிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2006 தீர்ப்பில் யாரும் அதிகம் பேசாத இரண்டு வரிகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் முழுநேரமும் பணியாற்றி அதற்குரிய ஊதியம் பெற வேண்டும் என்பது ஒன்று. கள விசாரணைக்கு ஆணையத்துக்கெனப் பணியாளர்கள் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற புலனாய்வாளர்களைப் பயன்படுத்தலாம் என்பது இன்னொன்று. மாதம் ஒரு முறை வந்து தேநீர் குடித்துப் போகும் கௌரவ உறுப்பினருக்கும், மேசையில் கிடைப்பது அதே துணைக் கண்காணிப்பாளரின் அதே 9 பக்கம்தான்.

இதற்குள் இன்னொரு கெடு நெருங்கியிருந்தது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 36 அப்படிச் சொல்கிறது. மாவட்ட ஆணையத்தின் பதிலுக்காகவே எட்டு மாதம் போய்விட்டிருந்தது. பதில் வரட்டும் என்று காத்திருந்தது நான் செய்த தவறு. இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பியிருக்க வேண்டும். கெடுவுக்கு 19 நாள் இருக்கும்போது, அறிக்கை நகலை இணைத்து மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

விசாரணை நாளில் தேநீர்க் கடைக்காரரையும் பேருந்தில் அழைத்துப் போனோம். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர், வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. ஆணைய உறுப்பினர் அறிக்கையைப் புரட்டிவிட்டு அவரிடம், "எத்தனை மணிக்கெல்லாம் டீ கொண்டு போனீங்க?" என்று கேட்டார். பன்னிரண்டுக்கு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை, எட்டுக்கு ஒரு தடவை என்றார். மூன்று தடவையும் என் தம்பி அங்கே இருந்தானா என்பது அடுத்த கேள்வி. "இருந்தாருங்க. எட்டு மணிக்கு அவருக்கும் ஒண்ணு கொடுத்தேன், அதுக்கு அவர்கிட்ட காசு வாங்கல." உறுப்பினர் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டதால் வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.