இரண்டு புறாப் பந்தயச் சங்கங்களை ஒன்றாக்கிய அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றில், மறுநாள் காலை ஆந்திரத்து ஓங்கோலில் விடவேண்டிய ஹோமர் புறாக்களை, அதாவது தொலைவில் விட்டாலும் தம் கூண்டுக்கே பறந்து திரும்பும் பந்தயப் புறாக்களை, கூடைகளில் அடைப்பதற்காக எங்கள் சங்கத்தினர் பெரம்பூரில் கூடியிருந்தோம். ஏழு பேர் கொண்டுவந்த புறாக்கள் மொத்தம் 41. வண்டி வாடகை 14,000 ரூபாய். புறா ஒன்றுக்கு 341 ரூபாய் என்று நான் பதிவேட்டில் எழுதியதும், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் உறுப்பினர் ஒருவர் தம்முடைய ஆறு புறாக்களில் நான்கைக் கூடையிலிருந்து எடுத்துத் தாம் கொண்டுவந்த பெட்டிக்குள் திரும்ப விட்டார். மற்றவர்களின் பங்கு உடனே 378 ரூபாயாக ஏறியது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சங்கம் எப்படிக் கரைகிறது என்பதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன். ஒருவர் விலகினால் எஞ்சியவர்களின் சுமை கூடுகிறது, அந்தச் சுமையே அடுத்தவரையும் விலக வைக்கிறது.

உறுப்பினர் குறைந்ததற்கான காரணங்களை இந்தப் பந்தயத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகும்போது மொட்டைமாடி பொதுச்சொத்தாகிவிடுகிறது, கூண்டு வைக்க இடமில்லாமல் போகிறது. புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்ற அச்சம் அக்கம்பக்கத்தாரிடம் வளர்ந்திருக்கிறது, அது முற்றிலும் ஆதாரமற்ற அச்சமும் அன்று. கம்பும் மக்காச்சோளமும் பட்டாணியும் விற்கும் விலையில் நாற்பது புறாக்களுக்குத் தீனி போடுவது மாதச் சம்பளக்காரருக்குக் கடினம். ஆகவே எங்களைப் போலவே சுருங்கிக்கொண்டிருந்த, தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்துச் சங்கம் ஒன்றோடு இணைந்துவிடலாம் என்று செயலாளர் என்ற முறையில் நான் பேச்சைத் தொடங்கினேன்.

தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தேன். இரு தரப்பும் முதன்முறையாக உட்கார்ந்தபோது, புதிய சங்கத்துக்கு என்ன பெயர், தலைவர் யார், பொருளாளர் யார் என்பவற்றை முதலில் பேச வைத்துவிட்டேன். மூன்று மாதம் வீணாயிற்று. முப்பது ஆண்டுகளாக ஒரு பெயரில் கோப்பைகள் வாங்கியவர்களிடம், எதற்காக இணைகிறோம் என்பது மனத்தில் படியும் முன்பே அந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று கேட்டது முறையில்லை என்று இப்போது உணர்கிறேன். அத்துடன், பெயரைப் பற்றிய சண்டைக்குள் உண்மையான அச்சம் ஒன்று ஒளிந்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் தென்பகுதிச் சங்கத்தின் தலைவரான பெரியவர். "பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தம்பி. தெற்குக் காற்று அடிக்கிற அன்றைக்கு எங்கள் புறாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எங்கள் இணைப்பின் மையம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் பந்தயத்தில் முதலில் வந்து சேரும் புறா வென்றதாகாது. விடும் இடத்துக்கும் அவரவர் கூண்டுக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரத்தை, புறா எடுத்துக்கொண்ட நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வரும் வேகத்தை வைத்தே இடம் தருகிறோம். ஓங்கோல் எங்கள் கூண்டுகளிலிருந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர். தாம்பரத்துக் கூண்டுகள் அதற்கும் 25 கிலோமீட்டர் அப்பால் இருக்கின்றன. நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் பறக்கும் புறாவுக்கு அது ஏறத்தாழ 21 நிமிடப் பறத்தல். கணக்குப்படி இதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் வானத்தில் அப்படி நடப்பதில்லை. தெற்கிலிருந்து எதிர்க்காற்று அடித்தால் நெடுந்தூரம் போகவேண்டிய புறா கடைசி நீட்டில்தான் தளர்கிறது. முற்பகல் கடந்து கடற்காற்றும் எழுந்துவிட்டால் அந்த 25 கிலோமீட்டர் இரட்டிப்பாகத் தோன்றும். வடக்கிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும் நாளில் நிலைமை தலைகீழாகிறது. விட்ட இடத்தில் வட்டமடித்துத் திசை பிடிக்கும் நேரமும், மாடிக்கு வந்த பிறகு கூண்டுக்குள் நுழையத் தயங்கும் நேரமும் அதிகத் தூரத்தில் பங்கிடப்படுவதால், தொலைவிலுள்ள கூண்டுக்கு வேகம் கூடுதலாக வருகிறது. இவை தவிர, கூட்டமாக வரும் புறாக்கள் பெரும்பான்மைக் கூண்டுகள் இருக்கும் பக்கமே இழுபடும். கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே தெற்கு நோக்கிப் போகும் துணிவு எல்லாப் புறாவுக்கும் இருப்பதில்லை.

பெரியவரின் கேள்விக்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. இரு சங்கங்களின் பழைய முடிவுத்தாள்களை எடுத்து, ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து இருவரும் புறா விட்ட நாள்களைத் தேடினோம். பதினொரு நாள்கள் கிடைத்தன. இரண்டு பட்டியல்களையும் ஒரே வரிசையில் சேர்த்து எழுதிப் பார்த்தபோது, முதலிடம் ஏழு முறை வடக்கிலுள்ள எங்களுக்கும் நான்கு முறை தெற்கிலுள்ள அவர்களுக்கும் போயிருந்தது. அந்த நான்கில் மூன்று நாள்களுக்கு எதிரே "வாடைக்காற்று" என்று பெரியவரே தம் கையால் பழைய தாள்களின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஒன்றாகப் படித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாரும் குரலை உயர்த்தவில்லை. வடபிரிவு, தென்பிரிவு என இரண்டு தனி முடிவுகளும், அவற்றுக்கு மேல் ஒரு பொது முடிவும் அறிவிப்பது என்றும், பரிசுப் பணத்தில் பெரும்பங்கு பிரிவுகளுக்கே போவது என்றும் அன்றே தீர்மானித்தோம். இணைய நினைக்கும் எந்தச் சங்கமும் இதைத்தான் முதல் கூட்டத்தில் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரம் பதியும் முறையில் அதிகச் சிக்கல் வரவில்லை. நாங்கள் இன்னமும், வந்து சேர்ந்த புறாவின் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி, நேரம் பதியும் கடிகாரப் பெட்டிக்குள் போடும் பழைய வழக்கத்தில் இருந்தோம். அவர்களோ புறாவின் காலில் மூடி ஒட்டிய ரகசிய எண்ணை, அது வந்து சேர்ந்ததும் பிரித்துக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்துக்கு முன்பு எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவிட்டு, பின்பு மறுபடியும் ஒப்பிட்டு, எது எத்தனை நொடி பிந்தியது என்று கணக்கிடும் வேலை மிச்சமாகும் என்பதால் அவர்களுடைய முறையை ஏற்றோம்.

சட்ட வேலையைப் பற்றித் தேவையான அளவு சொல்லிவிடுகிறேன். இரு சங்கங்களும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவானவை. தென்பகுதிச் சங்கத்தினர் நான்கு ஆண்டுகளாக வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்திருக்கவில்லை. அதைத் தணிக்கையாளர் ஒருவரைக் கொண்டு முடித்துத் தாமதக் கட்டணம் கட்டும் வரை வேறெதுவும் நகரவில்லை. அதன் பிறகு, எங்கள் பதிவை வைத்துக்கொண்டு பெயரையும் துணை விதிகளையும் திருத்துவது, அவர்களுடைய சங்கத்தைக் கலைத்து, அதன் துணை விதிகளில் ஏற்கெனவே எழுதியிருந்தபடி இருப்புத் தொகையை ஒத்த நோக்கமுள்ள சங்கமான எங்களுக்கு மாற்றுவது என்ற வழியைத் தேர்ந்தோம். இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். எங்கள் ஏட்டில் 19 பெயர்கள் இருந்தன, அவர்களில் மூவர் காலமாகிவிட்டிருந்தார்கள். புறா வளர்ப்பதை எப்போதோ விட்டுவிட்டவர்களையும் வீடு தேடிப் போய் அழைத்தேன். வாக்களித்தவர்கள் 14 பேர், ஆதரவு 11. பத்தாக இருந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அந்தப் பதினோராவது கை, புறாக்களை விற்று ஆறு ஆண்டுகளாகிவிட்ட ஒருவருடையது. அவர் பேருந்தில் வந்து வாக்களித்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

இணைந்த பிறகு நடந்த முதல் ஓங்கோல் பந்தயத்துக்கு 152 புறாக்கள் வந்தன. வண்டி பெரியது, வாடகை 19,000 ரூபாய், புறா ஒன்றுக்கு 125 ரூபாய். ஆட்டோ ஓட்டும் நண்பர் எட்டுப் புறாக்களைக் கொண்டுவந்தார். காலை ஆறரைக்குத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று தெற்குக் காற்று. பொது முடிவின் முதல் ஐந்து இடங்களும் வடக்குக்கே போயின, தெற்கில் சிலருக்கு முகம் வாடியது. இரு பிரிவுகளுக்கும் தனித்தனியே பரிசு அறிவித்தபோதுதான் அவர்கள் சற்றுத் தேறினார்கள். பொது முடிவே வேண்டாம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பேசுகிறோம்.

கால் வளையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறாக் குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு வார வயதில், முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து அலுமினிய வளையத்தைக் கோத்து, பின்விரலை மெல்ல வெளியே இழுத்துவிட வேண்டும். அந்த வயதைத் தாண்டிவிட்டால் வளையம் ஏறாது, ஏறியது பின்பு கழலவும் செய்யாது. சங்கத்தின் எழுத்துகளும் ஆண்டும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். இரு சங்கங்களிடமும் அவ்வாண்டுக்கு வாங்கிய வளையங்கள் மீந்திருந்ததால், அவை தீரும் வரை பழைய எழுத்துகளே இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். தென்பகுதிச் சங்கத்தின் கடைசி வளையத்தைப் பெரியவர் தம் வீட்டு மாடியில் போட்டபோது நானும் உடனிருந்தேன். குஞ்சின் காலைத் துணியால் துடைத்து, வளையத்தை ஏற்றி, எழுத்துகள் மேல்பக்கம் தெரியுமாறு திருப்பி வைத்தார். பிறகு எண்ணைப் புதிய சங்கத்தின் ஏட்டில் எழுதச் சொல்லி என்னிடம் வாசித்தார். இந்தப் பருவத்தில் அந்தப் புறா விஜயவாடாவிலிருந்து பறந்து வந்தது, தென்பிரிவில் ஒன்பதாம் இடம்.