இருசெவி விம்மலும் அரையாண்டுத் தேர்வும்

2025 நவம்பர் 2, ஞாயிறு, கோத்தகிரி

அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால், என் தங்கை மகள் பைனாரல் பீட்ஸ் என்னும் இருசெவி விம்மலைக் கேட்டபடியேதான் உயிரியல் படிக்கிறாள். நினைவாற்றலுக்கு 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை எழுந்தடங்கும் விம்மல் என்று அவளுடைய தோழியரிடையே ஒரு கணக்கு நிலவுகிறது. ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ் ஒலியும் மறு காதில் 410 ஹெர்ட்ஸ் ஒலியும் விழுந்தால், வெளியே எங்கும் இல்லாத 10 ஹெர்ட்ஸ் விம்மல் தலைக்குள் கேட்கும் என்பது உண்மையே. மூளையின் மின்னலைகளும் அந்த வேகத்துக்கு இசைந்து, அதனால் படித்தது மனத்தில் தங்கும் என்பதுதான் தீராத வழக்கு. அவளோ, அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று ஓர் இயர்பட்டை மட்டுமே மாட்டியிருந்தாள். அப்படிக் கேட்டால் வெறும் ரீங்காரம்தான் மிஞ்சும் என்றேன். “அப்ப இத்தனை நாளும் வீணா பெரியம்மா?” என்று சிரித்தாள்.

நவம்பர் 5, புதன்

பள்ளி ஆய்வகத்தில் 256 ஹெர்ட்ஸ் இசைக்கவைகள் இரண்டை எடுத்து, ஒன்றின் புயத்தில் சிறிது மெழுகு ஒட்டி அதன் அதிர்வெண்ணைக் குறைத்தேன். இரண்டையும் ஒரே காதருகே பிடித்தால் ஒலி எழுந்து எழுந்து அடங்கும். அது காற்றிலேயே நிகழும் கூட்டல். ஒவ்வொரு காதருகிலும் ஒவ்வொன்றைப் பிடித்தபோது விம்மல் மிக மெலிந்து, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இயற்பியலாளர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவே கண்டறிந்தது இதைத்தான். இரு காதுகளின் நரம்புத் துடிப்புகளும் மூளைத்தண்டில் உள்ள மேல் ஆலிவ் பகுதியில் ஒன்றுசேர்கின்றன. அவை வந்து சேரும் நுண்ணிய நேர வேறுபாட்டைக் கொண்டு ஒலியின் திசையைக் கணிக்கும் அந்த அமைப்பே விம்மலையும் பிறப்பிக்கிறது. ஒலி ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் விம்மல் மறைந்துவிடும் என்று உயிர்இயற்பியலாளர் ஜெரால்டு ஆஸ்டர் 1973இல் எழுதினார். இரு ஒலிகளின் வேறுபாடு 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போனாலும் அது விம்மலாகக் கேட்பதில்லை என்பதால், தோழியரின் 40 ஹெர்ட்ஸ் கணக்கு எனக்கு உறுத்துகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

நாள் முழுதும் வடகிழக்குப் பருவமழை. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வாய்த்தது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து நினைவு, கவனம், பதற்றம், வலி ஆகியவற்றில் நடுத்தரப் பலன் உண்டு என்கிறது. மூளையலை இசைவதாகச் சொல்லப்படுவதை மட்டும் எடுத்துக்கொண்டு 14 ஆய்வுகளைப் பரிசீலித்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ, 5 ஆதரவு, 8 எதிர், 1 கலவை. அதே ஆண்டு போலந்து ஆய்வாளர்கள் ஆயிரம் பேரைத் தத்தம் வீட்டிலேயே கேட்கச் செய்து அறிவுத்திறன் கணக்குகளைத் தந்தபோது, விம்மல் கேட்டவர்களின் மதிப்பெண் குறைந்தே இருந்தது. ஆய்வகச் சூழலைவிட வீட்டுச் சூழலே எங்கள் நிலைமைக்கு நெருக்கமானது என்பதால், மூன்றாவதையே நான் அதிகம் பொருட்படுத்துகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வாரம் முழுதும் விம்மலுடன் சில பாடங்கள், மாறாத ஒற்றை ஒலியுடன் சில, ஒலியே இல்லாமல் சில என்று படித்து, மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பார்த்தாள். எந்த ஒலியில் விம்மல் இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை என்றாலும், கேட்டதுமே அவள் கண்டுகொண்டிருப்பாள். இதைச் சோதனை என்று மெத்தப் பெருமை பேச இயலாது. விம்மலுக்கும் ஒற்றை ஒலிக்கும் வேறுபாடு தென்படவில்லை. தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலையும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் இரண்டுமே ஓரளவு மறைத்தன. புத்தகம் மூடி எழுதிய பாடங்கள் மட்டும் வார இறுதியிலும் அவளிடம் நின்றன. வெறுமனே திரும்ப வாசித்தவை நிற்கவில்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் மாணவர்களிடம் கண்டதும் இதுவே. அவளுக்கு அந்த ரீங்காரம் பிடித்திருப்பதால் நிறுத்தச் சொல்லவில்லை. ஒலியளவைக் குறைத்து வைக்கவும், எழுதிப் பார்க்கும் நேரத்தில் அணைத்துவிடவும் சம்மதித்திருக்கிறாள். நாளை மரபியல்.