கும்பகோணத்து வீட்டைப் புதுப்பிக்காமல் விற்றோம்

அம்மா தவறியது 2023 ஐப்பசியில். வருஷத் திதி முடிகிற வரை வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்தோம். திதி முடிந்த அன்று சாயங்காலம் அண்ணன், நான், தங்கை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். யாரும் கும்பகோணத்துக்குத் திரும்பி வரப்போவதில்லை, அதனால் விற்பதில் பேச்சே இல்லை. எப்படி விற்பது என்பதில்தான் இழுபறி. சுவரைப் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டு, உள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டினால் நல்ல விலை போகும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். விலையைவிட, அம்மா வளைய வந்த வீட்டைக் காரை பெயர்ந்த கோலத்தில் ஊரார் வந்து பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "போடுற காசு யாருது? விலை ஏறலைன்னா நஷ்டம் யாருக்கு?"

அப்பா உயில் எழுதவில்லை. அவர் பங்கு அம்மாவுக்கும் எங்களுக்கும் சமமாக வந்து, அம்மா பங்கும் பிறகு எங்களுக்கே வந்ததால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தங்கையிடம் அப்போது கையில் பணமில்லை. நானும் அண்ணனும் மட்டும் போட்டால் கணக்கு எப்படிப் பிரிப்பது? அன்றைக்கு முடிவாகவில்லை.

மறுவாரம் மேஸ்திரியையும் ஒரு வயதான ஆசாரியையும் கூட்டிவந்தேன். மேஸ்திரி சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். தொண்ணூறுகளில் அப்பா அதன்மேல் சிமென்ட் பூசினார். உள்ளே ஏறிய ஓதம் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தது. மறுபடி சிமென்ட் பூசினால் மறுபடி இதே கதைதான், மொத்தத்தையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பில் பூச வேண்டும் என்றார்.

கூடத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். வரிசையாகத் தேக்குக் கட்டை, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. ஆசாரி ஏணியில் ஏறி, கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் உளியின் நுனியை வைத்து அழுத்தினார். பலம் கொடுத்தே குத்தவில்லை, உளி இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. பொடி என் புடவைமேல் உதிர்ந்தது. "நடுவுல இரும்பு மாதிரி இருக்கும்மா. தலைதான் போயிருக்கு. இதை விட்டுட்டுத் தரைக்குக் கல்லு போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எல்லாம் சேர்த்து 16 லட்சம் ஆகும் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார்.

அப்புறம்தான் இரண்டு புரோக்கர்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும். இருவரும் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, "அடிமனை யாருது?" என்றார்கள். கும்பகோணத்தில் கோயில், மடத்து மனைகளில் கட்டிய வீடுகள் ஏராளம். கட்டடம் நம்முடையது, மண் நம்முடையதில்லை. அப்படிப்பட்ட மனையைப் பத்திரப் பதிவில் ஏற்கமாட்டார்கள். எங்களுடையது 1978இல் பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்த சொந்த மனைதான். ஆனால் பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. 22 அடி அகலம், 110 அடி நீளம், தெற்கே பொதுச் சுவர். இந்த அளவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இடித்துக் கட்டத்தான் வாங்குவார்கள், சதுர அடிக்குத்தான் விலை பேசுவார்கள் என்றார் ஒருவர். புதுப்பித்தால் எட்டு லட்சம் அதிகமாக வரலாம், அதற்குமேல் வராது என்றார் மற்றவர். பதினாறு போட்டு எட்டு எடுப்பது. அன்று இரவே அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆடிட்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், புதுப்பிக்கிற செலவை விற்ற லாபத்துக்கான வரியில் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். பரம்பரை வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அசலாக, அதாவது வாங்கிய விலையாகக் காட்டலாம், அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்கள் கைக்கு 2024 ஜூலை 23க்கு முன்பே வந்துவிட்டதால், பணவீக்கத்துக்கு ஏற்ப அசலை உயர்த்திக்கொண்டு லாபத்தில் 20 சதவீதம், உயர்த்தாமல் 12.5 சதவீதம், இரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும். புதிதாகக் கட்டிச் சேர்த்ததற்குக் கழிவு உண்டு, வெள்ளையடித்ததற்கும் ஒழுகலை அடைத்ததற்கும் கிடையாது.

மொத்தம் 1,10,000 ரூபாய்தான் செலவழித்தோம், மூவரும் சமமாக. இடைகழியில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம், கொல்லையில் மண்டிக்கிடந்த முள்ளை வெட்டினோம், கிணற்றைத் தூர்வாரினோம். உள்ளே சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். எனக்காக அண்ணன் சம்மதித்தது அது. மீதி உழைப்பெல்லாம் காகிதத்துக்கே போனது: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, மூவர் பெயரில் கூட்டுப் பட்டா, மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம். ஏழு மாதம் பிடித்தது. பார்க்க வந்தவர்களில் இருவர், பட்டா வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய், வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பாத்ரூம் இல்லை என்று ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

வாங்கியவர் இடித்துத்தான் கட்டுகிறார். பத்திரம் பதிவாகி இரண்டு மாதம் கழித்து ஆசாரி போன் செய்தார். கூடத்துக் கட்டைகளை அவரே விலைக்கு எடுத்திருக்கிறார். இருபத்தாறில் பதினேழுக்குத் தலை போயிருந்ததாம். தலையை அறுத்துவிட்டு இழைத்தபோது அந்தப் பதினேழும் உள்ளே தேன் நிறத்தில் இருந்தன என்றார்.